பக்கவாட்டில் வரும் பந்து

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்து மூன்றாவது நாள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஹாக்கி அணிக்கு இன்று ஆள் எடுத்தேன். இருபத்தாறு பேர் வந்தார்கள். பதினாறு பேரை நிறுத்திக்கொண்டேன். ஸ்டிக் பதினொன்றுதான் உருப்படி. மூன்றில் பிடியில் சுற்றிய துணி கிழிந்து தொங்குகிறது. கோல் வலையை எலி கடித்திருக்கிறது.

மஞ்சரியை சென்டர் ஹாஃபில் போட்டிருக்கிறேன். கோவில்பட்டியில் ஹாக்கி தெரியாத தெரு கிடையாது, அதனால் பேச்சும் வரும், பி.டி. டீச்சர் மகள், அதுதான் நடு இடம் என்பார்கள். சொல்லட்டும். வருகிற பந்தை நிறுத்தி, யாருக்குப் போக வேண்டுமோ அவள் காலடிக்குச் சரியான வேகத்தில் தள்ளிவிட இந்தப் பதினாறு பேரில் அவளுக்குத்தான் வருகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. நன்றாக ஆடாத நாளில் நன்றாக ஆடினாய் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆடிய நாளிலும் பெரும்பாலும் சொல்வதில்லை.

மைதானத்தில் அவளுக்கு நான் டீச்சர், வீட்டுக்குள் அம்மா. எட்டாம் வகுப்பு, பதிமூன்று வயது. இதெல்லாம் அவளுக்குப் புரியும்.

ஜூன் 20

காலை ஆறு முதல் ஏழரை. மாலை ஐந்து முதல் பந்து கண்ணுக்குத் தெரிகிறவரை. இன்று வெறும் புஷ், ஸ்டாப். ஆளுக்கு இருநூறு.

இசக்கியின் வாய்தான் ஓயமாட்டேன் என்கிறது. மஞ்சரியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து திரிகிறவள், மைதானத்திலும் அவளுக்கு இடப்பக்கம் ஆடுகிறாள். “மஞ்சு, இடது.” “மஞ்சு, பின்னால ஆளு.” “மஞ்சு, குனியாத.” ஒன்றரை மணி நேரமும் இதேதான். பக்கத்துப் பள்ளி பி.டி. மாஸ்டர் வேடிக்கை பார்த்துவிட்டு, கோச் நீங்களா அந்தப் பிள்ளையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 3

மாவு அரைக்கப் போட்டபோது கரண்ட் போய்விட்டது. மஞ்சரி பின்கட்டுக்குப் போனவள் தண்ணீர் வாளியில் இடறி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள். நானும் அதே இருட்டில்தான் நடக்கிறேன், எனக்கு வாளி தெரிகிறது. கவனம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நாளாகச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிற புதுப் பழக்கம் வேறு. கேட்டால் சும்மாதான் என்கிறாள்.

மஞ்சரியின் அப்பா வீட்டில் இல்லை; மாமாவுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். மில்லில் ஆள் குறைவாம்.

ஜூலை 17

மஞ்சரி சாலையில் சைக்கிள்காரர் மேல் முட்டிவிட்டாள். அவர் மணியடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். வருத்தம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குறுவட்டப் போட்டியில் ஜெயித்தோம். இரண்டுக்கு ஒன்று. இரண்டு கோலுக்கும் பந்து மஞ்சரியிடமிருந்துதான் கிளம்பியது.

ஆனால் எதிரணியின் கோல் அவளால்தான் விழுந்தது. இடப்பக்கத்திலிருந்து உருண்டு வந்த பந்து, அவளுக்கு இரண்டடி தூரம். கால்களுக்கு முன்னால் கடந்து போகிறது, அவள் எதையோ யோசித்துக்கொண்டு நேராகப் பார்த்து நிற்கிறாள். ஆட்டம் முழுக்க இப்படி மூன்று பந்து. எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளைத் தனியே கூப்பிட்டு, நாளை மாலை மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டும் என்றேன். சரி டீச்சர் என்றாள்.

ஆகஸ்ட் 2

நான்காவது சுற்றில் வாய்க்கால் ஓரம் கால் மடங்கி விழுந்தாள். அப்போது நன்றாக மசங்கிவிட்டது. எழுந்து ஐந்தாவது சுற்றையும் முடித்தாள். பிடிவாதத்தில் என்னைக் கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 27

இன்று ஒரு முடிவு எடுத்தேன். மைதானத்தில் இசக்கி இனி மஞ்சரிக்குக் குரல் கொடுக்கக் கூடாது. ஒருத்தி காதால் ஆடிப் பழகினால் கண்ணால் ஆட மாட்டாள். வருவாய் மாவட்டப் போட்டியில் கூட்டம் இருக்கும், சத்தம் இருக்கும், அப்போது யார் வந்து சொல்வது? இதைப் பதினாறு பேர் முன்னால் வைத்தே சொன்னேன்.

இசக்கி ஏதோ சொல்ல வந்தாள். மஞ்சரி அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குள் என்னவோ ரகசியம். அந்த வயதில் இருக்கும்.

செப்டம்பர் 9, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மாலை ஆறே கால் இருக்கும். ஃப்ரீ ஹிட் பயிற்சி. மஞ்சரி பந்தை வைத்துவிட்டு ஸ்டிக்கைப் பின்னால் ஓங்கினாள். இசக்கி அவள் பக்கத்தில்தான் நின்றாள், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். வழக்கமாக “மஞ்சு, நான் இருக்கேன்” என்று சொல்லியிருப்பாள். இன்று சொல்லவில்லை. ஓங்கிய ஸ்டிக் நேரே அவள் வாயில் பட்டது.

மேல் முன்பல் இரண்டும் போய்விட்டன. சட்டை முழுக்க ரத்தம். என் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினேன். அதற்கு முன்னால் மஞ்சரியைப் பார்த்துக் கத்தினேன்.

“பக்கத்துல ஆள் நிக்கது தெரியல? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”

“தெரியல டீச்சர்” என்றாள்.

எதிர்த்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன்.

செப்டம்பர் 10

அணி முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தேன். கேட்டாள். பத்து நாள் ஸ்டிக்கைத் தொடக் கூடாது என்றேன். தலையாட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

செப்டம்பர் 12, வியாழன்

பள்ளி முடிந்ததும் இசக்கி வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிப் போயிருந்தேன். அவளால் இரண்டையும் கடிக்க முடியாது என்று வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

அவள் அம்மா சுப்புத்தாய் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று போயிருந்தேன். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பல் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி ஆரம்பித்தேன், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தினாள். பிறகு சொன்னாள், “எம் பிள்ளை உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு நாளாத் துடிச்சுக்கிட்டு கிடக்கா டீச்சர். அதைக் கேளுங்க.”

இசக்கியின் உதடு வீங்கிக் கருத்திருந்தது. வார்த்தை குழறித்தான் வந்தது.

“டீச்சர், மஞ்சுவை அடிக்காதீங்க. அவளுக்கு ரெண்டு பக்கமும் தெரியாது. நேரா பாத்தாத்தான் தெரியும். இருட்டிட்டா ஒண்ணுமே தெரியாது. அதுக்குத்தான் நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். நீங்க சொல்லக் கூடாதுன்னுட்டீங்க.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்தே என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மஞ்சரி சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க டீமை விட்டு எடுத்துருவீங்கன்னு சொன்னா.”

வீட்டுக்கு வந்து மஞ்சரியைக் கூப்பிட்டு, சுவரில் தொங்கும் காலண்டரில் இன்றைய தேதியையே பார்த்துக்கொண்டு நில் என்றேன். அவளுக்குப் பின்னால் நின்று, வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். தெரிகிறபோது சொல் என்றேன். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. என் விரல் காலண்டர் தாளையே தொடப் போகும்போதுதான் தெரியுது என்றாள்.

இடக்கையை நீட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 13

மாமாவிடம் சொன்னேன். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

மதுரை. காலை ஐந்தரை பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். சாத்தூர் தாண்டும்வரை மஞ்சரி ஜன்னலோரம் உட்கார்ந்து விடியாத இருட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள், விளக்கடித்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு அறையாக அனுப்பினார்கள். கடைசியில் ஒரு கருவி. வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் வந்து போகும்; தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கருவி இரைந்துகொண்டே இருந்தது. பொத்தான் சத்தம் வரவில்லை. ஒன்று வந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் இல்லை. அழுத்து, அழுத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பயிற்சியில் தப்புச் செய்கிறபோது நான் பல்லைக் கடிப்பது போலக் கடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வருகிறதாம். பிறவியிலேயே வந்தது. இருட்டில் தெரியாமல் போவதுதான் முதலில். பிறகு பக்கங்கள். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும், ஆனால் கடைசி எப்போது என்று சொல்ல முடியாது. இப்போதைக்கு இதற்கு மருந்து இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டார்.

“தூரத்துச் சொந்தம்” என்றேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இல்லம்மா” என்று டாக்டரிடம் சொன்னார். “இவ என் கூடப்பிறந்த அக்கா மக.”

டாக்டர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஹாக்கி இனிக் கூடாது என்றார். பக்கத்திலிருந்து வரும் பந்தோ ஸ்டிக்கோ அவளுக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து. மஞ்சரி கேட்டாள், “அடுத்த மாசம் எங்களுக்கு ஃபைனல் இருக்கு டாக்டர். அது வரைக்குமாவது ஆடலாமா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேஜையிலிருந்த பேனாவைப் பார்த்தேன்.

செப்டம்பர் 21

துணி துவைத்தேன். தோசைக்குப் போட்டேன்.

செப்டம்பர் 25

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மாநில அணி முகாமுக்குப் பெயர் வந்திருந்தது. அப்பா, பாவாடை கட்டி ஓடினது போதும் என்று விருதுநகரில் ஒரு இடம் பார்த்தார். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, கல்யாணத்துக்குப் பிறகு ஆட மாட்டாள் அல்லவா என்பதுதான். வீட்டில் மூன்று நாள் சண்டை. நான்காம் நாள் அம்மாவின் தம்பி வந்தார், மில் உடுப்போடு. “செண்பகத்தை நான் கட்டிக்கிறேன்க்கா. அவ ஆடட்டும்” என்றார். எனக்கு அன்று அவர் கடவுள் மாதிரி இருந்தார். இன்றுவரை அவர் அந்தப் பேச்சு மாறவில்லை. என் துணியையும் ஸ்டிக்கையும் அவர்தான் சைக்கிளில் சுமந்துகொண்டு மைதானத்துக்கு வருவார்.

அந்த வருடம்தான் உடற்கல்விப் படிப்பில் சேர்ந்திருந்தேன். நெருங்கிய ரத்த உறவில் திருமணம் செய்தால் பிள்ளைகளுக்கு என்னென்ன வரலாம் என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. பரீட்சையில் வந்தது. எழுதினேன். ஐந்துக்கு ஐந்து. அதற்கு அடுத்த மாதம் கல்யாணம்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அக்டோபர் 3

ஜெனிட்டாவை சென்டர் ஹாஃபுக்கு மாற்றிவிட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை. குதிரை மாதிரி ஓடுகிறாள். பாஸ் கொடுக்கத்தான் இன்னும் வரவில்லை.

மஞ்சரி தினமும் மைதானத்துக்கு வருகிறாள். ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் ஷின் கார்டுகளை எண்ணி அடுக்கி வைக்கிறாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

நாளை மறுநாள் வருவாய் மாவட்ட இறுதி ஆட்டம். மதியம் சாப்பாட்டில் கைவைத்த மஞ்சரி நிறுத்திவிட்டுச் சொன்னாள், “காலைல ஒன்பது மணி மேட்ச். வெயில்ல எனக்கு நல்லாத் தெரியும். ஒரே ஒரு தடவை இறக்கி விடுங்க டீச்சர்.”

வீட்டில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஒரு பத்து நிமிசம் விடேன் செண்பகம். கடைசி ஆட்டம்னு இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

பத்து நிமிடம் விடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. எனக்கு இருக்காதா? ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவள் நெற்றிக்கு ஒரு பந்து வரலாம். இசக்கி மாதிரி இன்னொருத்தி பக்கத்தில் நிற்கலாம். பிள்ளையைப் பெற்றவள் ஆசைப்படுகிறாள் என்பதற்காக இன்னொருத்தி பெற்ற பிள்ளையை ஆபத்தில் நிறுத்த முடியுமா?

முடியாது என்றேன். டாக்டர் சொன்னதை, பந்தின் வேகத்தை, எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை கேட்டாள். நல்ல ஆட்டக்காரி அம்பயர் முடிவைக் கேட்பது போல் கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். மாமா சாப்பிடவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ஜெயித்துவிட்டோம். மூன்றுக்குப் பூஜ்யம். மாநிலப் போட்டிக்குப் போகிறோம். பதினோரு வருடமாக நான் காத்திருந்த நாள்.

இசக்கி தற்காலிகப் பல் கட்டிக்கொண்டு ஆடினாள். ஜெனிட்டா ஒரு கோல் போட்டாள். மஞ்சரி தண்ணீர்ப் பாட்டில்களை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பி, தொலைத்துவிட்டுத் தேடி, மறுபடி பிடித்து, எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு அவள் கைதட்டினாள். இத்தனை நாள் அவள் எப்படித்தான் ஆடினாள்? மூன்று வருடம் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என் மகள் நடு மைதானத்தில் ஆடியிருக்கிறாள். ஒரு நாளும் நான் நன்றாக ஆடினாய் என்று சொல்லவில்லை.

வேனில் திரும்பும்போது எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகப் பாடினாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள், “நீ சொன்னதுதான் சரிம்மா. நான் இல்லாமலே மூணு கோல்.”

நவம்பர் 12

ஒரு வாரமாக மஞ்சரி மைதானத்துக்கு வருவதில்லை. கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். பந்துச் சத்தம் கேட்டால் கால் தானாகக் கிளம்புகிறதாம். எங்கள் வீடு மைதானத்திலிருந்து இரண்டு தெரு. மாலையில் காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஸ்டிக் சத்தம் அடுப்படிவரை கேட்கும். அந்த நேரம் டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொள்கிறாள் என்று மாமா சொன்னார்.

நவம்பர் 15

தலைமையாசிரியையிடம், அணியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மாலையில் மஞ்சரிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“எனக்காகவா?”

ஆமாம் என்றேன்.

“ஏற்கெனவே என்னால இசக்கிக்குப் பல்லு போச்சு. இப்ப என்னால டீமுக்கு டீச்சரும் இல்லைன்னு ஆகணுமா?”

இசக்கிக்குப் பல் போனது உன்னால் இல்லை, என்னால் என்றேன். அவளை வாய் மூடச் சொன்னவள் நான். ஓட விட்டவள் நான், அறைந்தவள் நான். வரிசையாகச் சொன்னேன். கல்யாணத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டு, “அதெல்லாம் உனக்குத் தெரியாமத்தானம்மா செஞ்சே” என்றாள்.

நாளைக்கே கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடுவேன்.

டிசம்பர் 6, வெள்ளி

மாநிலப் போட்டி. திருவண்ணாமலையில் ஒரு பள்ளி விடுதியில் தங்கியிருக்கிறோம். காலையில் காலிறுதி, இரண்டுக்கு ஒன்றில் ஜெயித்தோம். நாளை காலை எட்டு மணிக்கு அரையிறுதி. பிள்ளைகள் குழாயடியில் காலுறை துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணி வாக்கில் வீட்டுக்குப் போன் போட்டு மஞ்சரியைக் கூப்பிட்டேன்.

ஆட்டம் முழுவதையும் கேட்டாள். யார் தொடங்கினார்கள், பெனால்டி கார்னர் எத்தனை, இசக்கி எப்படி ஆடினாள், எல்லாம். நான் சொல்லச் சொல்ல அவள் நடு நடுவே சரியான கேள்வி கேட்டாள். பக்கத்தில் நிற்கிற கோச் மாதிரி இருந்தது. பிறகு கேட்டாள்.

“ஜெனிட்டா எப்படி ஆடுதா?”

“நல்லா ஆடுதா.”

“என்னைவிடவா?”

“உன்னைவிடவா? இல்லட்டி” என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், “நீ எனக்குப் பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டேம்மா. டாக்டர் சொன்னப்பகூட நான் இவ்வளவு பயப்படல.”

அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், இறக்கிவிட மாட்டேன் என்றபோது அழாதவள். அப்பாவிடம் கொடு என்றேன். வேண்டாம், வைக்காதே என்றாள். வைக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னேன். ஜெனிட்டா உன்னைவிட வேகம். மூச்சும் உன்னைவிட நிற்கிறது. இடப்பக்கம் வருகிற பந்தை ஒன்றுகூட விடவில்லை. இன்று ஜெயித்ததற்கு அவள்தான் காரணம். பந்தைப் பிரித்துக் கொடுப்பதில் உன்னில் பாதிகூட இல்லை, ஆனால் அடுத்த வருடம் வந்துவிடும்.

“ம்” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். “இன்னும் சொல்லு.”

சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “ம்” போட்டுக்கொண்டே அழுதாள்.